ஆளுக்கொரு கல்

கரிசல் மண்ணில் நாய் ஓடினால் சத்தம் கேட்காது. பனி இறங்கி ஊறிய மண் அந்தக் காலடியை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். தார் ரோட்டில் ஏறினால்தான் நகம் படுகிற சத்தம் வரும். ஒரு நாய் ஓடினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஐந்தாறு நாய்கள் சேர்ந்து ஓடினால் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கூடவே வர, நாங்கள் ஒன்பது பேர் கயத்தாற்றில் ஒரு நாள் ஓடினோம். 2005-ஆம் வருசம், தை மாதம், காணும் பொங்கல் அன்று காலை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேராகச் சொல்லி முடிக்க முடியுமா என்று தெரியவில்லை. நம்ம ஊரில் எதைத் தொட்டாலும் கூடவே இன்னொன்று எழுந்து வந்துவிடுகிறது.

முதலில் வருவது வாசம்தான். கோவில்பட்டியில் பஸ் ஏறி, நல்லாட்டின்புதூர் தாண்டி, இடைசெவல் தாண்டித் தெற்கே வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? இடைசெவல் வந்ததும் அப்பா மறக்காமல் சொல்வார். எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் இது, ரெண்டு பேரும் சின்ன வயசுச் சிநேகிதர்கள் என்று. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார். நான் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு இருப்பேன். தை மாதம் என்றால் மல்லிக்காடு பூத்து நிற்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் பூ. காற்றில் அந்தப் பச்சை வாசம் வரும்போதே நடுவில் எங்கேயோ கரிமூட்டப் புகை குறுக்கே வரும். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி மண் பூசிப் புகைய விட்டிருப்பார்கள். இந்த இரண்டு வாசமும் கலந்து வந்தால் ஊர் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அய்யனாரூத்துப் பக்கம் காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் ஆடி மாதம் போட்ட ஆட்டத்தை மறந்து சும்மா நின்றுகொண்டிருக்கும். தையில் காற்றுக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

பஸ்ஸை விட்டு இறங்கினால் கட்டபொம்மன். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி, மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் கூட்டி நிறுத்தி, விசாரணை என்று ஒன்றை நடத்தி, இங்கேதான் புளியமரத்தில் தூக்கிலிட்டான். பிறகு அந்த வழியாகப் போன வண்டிக்காரர், சம்சாரி, தலைச்சுமைக்காரி என்று ஆளுக்கொரு கல்லை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனார்களாம். மாலை வாங்கப் பயம். சத்தமாக அழவும் பயம். ஒரு கல்லைப் போட்டால் யார் கேட்பார்கள்? அப்படிப் போட்டுப் போட்டே கல் குமிந்து மேடாகிவிட்டது என்று தாத்தா சொல்வார். யார் போட்ட கல் எது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மேடு மட்டும் எல்லாருக்கும் தெரியும் என்பார். கட்டபொம்மனாகப் படத்தில் நடித்த சிவாஜி கணேசன் பிற்பாடு இங்கே சொந்தமாக இடம் வாங்கிச் சிலை வைத்தார். இப்போது மணிமண்டபமும் வந்துவிட்டது. எங்களுக்கு அந்தக் காலத்தில் அந்தச் சிலைதான் கூடும் இடம். எங்கே வரட்டும் என்றால், சிலைக்கு வா என்போம்.

நாய்களைச் சொல்ல வேண்டும். தாத்தா வீட்டில் ஒரு கன்னி இருந்தாள். கறுப்பு உடம்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே தேன் நிறத்தில் ஒவ்வொரு பொட்டு, கால் நுனியிலும் அதே நிறம். பேர் கருவாச்சி. எங்கள் பக்கத்தில் இந்த ஜாதி நாய்க்குட்டியை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். வேண்டியவர்களுக்கு, சொந்தத்துக்குக் கொடுப்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீரோடு குட்டியையும் அனுப்புவார்களாம், அதனால்தான் கன்னி என்று பேர் வந்ததென்று ஆச்சி சொல்வாள். கொடுக்கும்போது, பட்டினி போட மாட்டேன் என்று வாயால் சொல்ல வைப்பார்கள். கருவாச்சிக்கு ஆச்சி காலையில் கம்பங்கூழைக் கரைத்து மோர் விட்டு, கல்தொட்டியில் ஊற்றுவாள். நாக்கு தொட்டியில் படுகிற சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன்.

சைக்கிள் கடை மாப்ளயிடம் ஒரு சிப்பிப்பாறை இருந்தான். செவலை. விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஊரின் பேர்தான் நாய்க்கும் பேர். ஒடுங்கின வயிறு, நீண்ட மூஞ்சி, ஓடும்போது முதுகு வில்லாக வளைந்து நிமிரும். அவனை ராசா என்று கூப்பிடுவோம். ராசா மாப்ளயின் சைக்கிளுக்கு முன்னால்தான் ஓடுவான், பின்னால் ஓடி நான் பார்த்ததில்லை. மற்றவை எல்லாம் தெருநாய்கள். டீக்கடை வாசலில் கிடக்கிற மொட்டைவால், பள்ளிக்கூடத்து வெள்ளச்சி, பேரே இல்லாத இரண்டு குட்டிகள். ஒன்றுக்கும் கழுத்தில் கயிறு கிடையாது. கயிறு என்பது ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தாத்தா காலத்தில் அறுப்பு முடிந்ததும் கூட்டமாக முயல் வேட்டைக்குப் போவார்கள். 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல அது நின்றது. நிற்க வேண்டியதுதான், தாத்தாவே அப்படித்தான் சொன்னார். ஆனால் நாயின் காலுக்குச் சட்டம் தெரியுமா? அறுத்த காட்டைப் பார்த்தால் கருவாச்சியின் தோல் துடிக்கும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. டீக்கடை டிவிக்கு முன்னால் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், குளச்சல். ஒவ்வொரு ஊர்ப் பேராகக் கீழே ஓடுகிறது. நாங்கள் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. திருச்செந்தூர் போனால் கால் நனைப்போம், அவ்வளவுதான். மழை வருமா வராதா என்று வானத்தையே பார்க்கிற ஊருக்கு, தண்ணீர் இப்படியும் வரும் என்பது புரியவே இல்லை. தூத்துக்குடிக் கடலை இலங்கை மறைத்து நின்றதால் நம் மாவட்டம் பெரும்பாலும் தப்பியது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் எங்கள் தெருவுக்கு வருகிற மீன்காரம்மாவைப் பத்து நாளாகக் காணவில்லை. அலுமினியச் சட்டியைச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாளே, அவள்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனங்கள் மீன் வாங்கப் பயந்தார்கள், அதனால் வரவில்லை. வீட்டில் மீன் நாற்றம் இல்லாத அந்த மார்கழிக் கடைசியில் ஆச்சி இரண்டு தடவை கேட்டாள், அந்தப் பிள்ள என்ன செய்யிதோ என்று.

பொங்கலுக்கு எப்போதும் ஓட்டப்பந்தயம், உறியடி எல்லாம் வைப்போம். அந்த வருசம் கொட்டும் ரேடியோ செட்டும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஹாக்கி மச்சான்தான் முதலில் சொன்னான். கோவில்பட்டியில் ஹாக்கி ஆடுகிறவன், எங்கள் கூட்டத்தில் கேன்வாஸ் ஷூ வைத்திருந்த ஒரே ஆள். "ஓடுவோம்டா. ஆனா ஜெயிக்கிறதுக்கு வேண்டாம். டப்பாவைத் தூக்கிட்டு ஓடுவோம். தெருவுல யாரு என்ன போட்டாலும் சுனாமிக்கு." கடலை மிட்டாய்க் கடையிலிருந்து சதுரமான தகர டப்பா ஒன்று வாங்கி, அதன் மூடியில் கத்தியால் கீறி ஓட்டை போட்டோம். டப்பாவுக்குள் வெல்லப்பாகும் வறுத்த கடலையும் இன்னும் மணத்துக்கொண்டிருந்தன.

இதற்கு நடுவில் இன்னொன்று. அதற்கு முந்தின வாரம்தான் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டிருந்தது. பேப்பரில் படம் வந்திருந்தது. ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய் என்று நான்கு. ராஜபாளையத்துக்குப் பதினைந்து ரூபாய் ஸ்டாம்ப், மற்றதற்கெல்லாம் ஐந்து ரூபாய். சைக்கிள் கடை மாப்ள பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்ம சிப்பிப்பாறை இல்லையா மாப்ள? கன்னியும் இல்லையே?" அவன் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ராசாவின் தலையைத் தடவிக்கொண்டே, "விடுடா, நீ நாளைக்கு ஓடு, ஊரு பாக்கட்டும்" என்று அதனிடமே சொன்னான்.

விடியவில்லை. சிலையடியில் நிற்கிறோம். பனியில் வாயிலிருந்து புகை வருகிறது. கடம்பூர் ரோட்டில் ஓடைப்பாலம் வரை போய்த் திரும்புவது, போகவர ஐந்து கிலோமீட்டர் இருக்கும். டப்பாவைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்குவது. கிளம்பும்போது டீக்கடை அண்ணாச்சி ஓடி வந்து முதல் பத்து ரூபாயை மடித்துப் போடுகிறார். கருவாச்சி, ராசா, மொட்டைவால், வெள்ளச்சி, பின்னாலேயே அந்த இரண்டு குட்டிகளும். யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் ஓடினால் அவையும் ஓடும், அவ்வளவுதான் கணக்கு. தகரத்தில் தூறல் தொடங்குகிறது.

வாசல்களில் கோலம். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற அக்காமார் பொங்கல் லீவில் வீட்டில் இருக்கிறார்கள். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் விரல் நுனி தேய்ந்த கைகள். சீலை முந்தியின் முடிச்சை அவிழ்த்து, எண்ணிப் பார்க்காமல் போடுகிறார்கள். எட்டணா, நாலணா, ஒரு ரூபாய். ஒவ்வொன்றும் விழும்போது டப்பா ஒரு குரல் கொடுக்கிறது. ஒரு அக்கா கோலப்பொடி ஒட்டின கையாலேயே போட, டப்பா மூடியில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்துவிட்டது.

ஊர் தாண்டியதும்தான் மல்லிக்காடு. வாசம் நெஞ்சு வரை போகிறது. அந்த நேரம் காட்டுக்குள் என்ன அசைந்ததோ, கவுதாரியோ முயலோ, கருவாச்சி ரோட்டை விட்டுப் பாய்ந்துவிட்டாள். பின்னாலேயே ராசா. அவர்கள் பின்னால் மொட்டைவால். "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டே நாங்களும் வரப்பில் இறங்கிவிட்டோம். ஈரக் கரிசலை மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு செருப்பு கூடும். பத்து அடி போவதற்குள் ஒவ்வொரு காலும் ஒரு படி கனம். ராசா ஓடுவதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். நான்கு காலும் தரையை விட்டு எழும்பி, உடம்பு ஒரு கோடாக நீண்டு, சத்தமே இல்லாமல், செடி நுனியில் பனித்துளி மட்டும் சிதறுகிறது. மாப்ள ஓட மறந்து நின்றுவிட்டான். "பாத்தியா மாப்ள, பாத்தியா" என்பது மட்டும்தான் அவன் வாயில் வந்தது.

அடுத்த காட்டில் பாசி நெற்று எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். வெள்ளாமைக்குள் நாயை விட்டதற்குத் திட்டுவார் என்று பயந்து நின்றோம்.

"எதுக்குய்யா ஓடுதிய?"

"சுனாமிக்கு, தாத்தா."

கொஞ்ச நேரம் எங்கள் காலையும் டப்பாவையும் பார்த்தார். "இடுப்புல காசு இல்லையே" என்றார். பிறகு முந்தின நாள் அடித்து வைத்திருந்த பயற்றை, கடகத்திலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஹாக்கி மச்சானின் துண்டில் போட்டார். மூன்று படி இருக்கும். "அவிச்சுக் குடுங்க. பிள்ளைய பசிச்சுக் கெடக்கும்" என்றார். அதற்குள் நாய்கள் திரும்பி வந்துவிட்டன. வாயில் ஒன்றும் இல்லை. நாக்கு தொங்க, மூஞ்சியெல்லாம் மல்லிப்பூ.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் மீன்காரம்மா நிற்கிறாள். மீன் கொண்டு வரவில்லை. கருவாட்டைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு, யாராவது வாங்குவார்களா என்று பார்க்க வந்திருக்கிறாள். நாங்கள் டப்பாவை மறைத்துக்கொண்டு போகத்தான் பார்த்தோம். கடல் ஆளிடமே கடலுக்கென்று எப்படிக் கேட்பது? அவளே கூப்பிட்டாள். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு, சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்தாள். வேண்டாம் அக்கா என்றோம். "எங்க ஆளுக்குத்தானே போவுது, நான் போடாம யாரு போடுவா" என்று சொல்லி, நோட்டைச் சுருட்டி ஓட்டைக்குள் தள்ளினாள். அன்றைக்கு ஆச்சி அவளிடம் கருவாடு வாங்கினாள். எங்கள் வீட்டில் திரும்பவும் அந்த நாற்றம் வந்தது. நாற்றம் என்று சொல்கிறேன், அதற்கு வேறு நல்ல பேர் இருக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம். நாலணா தனியே, எட்டணா தனியே அடுக்கினோம். நாலணா 2011-ல் செல்லாமல் போகும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய், மூன்று படி பாசிப்பயறு. அண்ணாச்சி எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார், மேலே கலர்த் தேங்காய்ப்பூ தூவினது. நாய்களுக்கு ஆளுக்கொரு பன். ஆளுக்கொரு என்றுதான் அண்ணாச்சி சொன்னார். மறுநாள் கோவில்பட்டிக்குப் போய் முதல்வர் நிவாரண நிதிக்கு டி.டி. எடுத்தோம். பயறு, நாகப்பட்டினம் போகிற துணிமணி லாரியில் ஏறியது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஓட்டம் ஓடிவிட்டேன். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்காவது ஒரு நல்ல காரியத்துக்கு ஓட்டம் உண்டு. ஐ.ஐ.டி. மாணவர்கள் நடத்துகிற டெரி ஃபாக்ஸ் ஓட்டத்திலும் ஓடியிருக்கிறேன். டெரி ஃபாக்ஸ் கனடாக்காரர். புற்றுநோயில் வலது காலை இழந்த பையன். 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்கு ஏறி நடுவழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு வருசம் இறந்தபோது வயசு இருபத்திரண்டு. தன் நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்பதுதான் அவர் கேட்டது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆளுக்கு ஒரு டாலர். நம்ம தாத்தா சொன்ன கல்தானே அது? அவர் பேரில் நடக்கும் ஓட்டத்தில் இன்றைக்கும் முதல், இரண்டாவது என்று பரிசு கிடையாது.

நல்ல ஓட்டங்கள்தான். பனியனில் நம்பர் குத்திக்கொள்கிறோம். பணத்தைப் போனிலேயே கட்டிவிடுகிறோம், அது போய்ச் சேர்ந்ததும் போன் ஒரு தரம் அதிரும். போன தடவை பெசன்ட் நகரில் எனக்கு முன்னால் ஒரு பிள்ளை நாயோடு ஓடியது. நெஞ்சுவாரும் கயிறும் போட்ட நாய். ஒடுங்கின வயிறு, நீண்ட மூஞ்சி, செவலை. பக்கத்தில் போய், இது சிப்பிப்பாறையாம்மா என்று கேட்டேன். ஆமா அங்கிள், ஊர்ல இருந்து வாங்கினது என்றது. பாசமாகத்தான் வளர்க்கிறது, நாய்க்கென்று தனித் தண்ணீர்ப் பாட்டில் கூட வைத்திருந்தது. நாய் அந்தப் பிள்ளையின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தது. அதன் முதுகு ஒரு தடவை கூட வில்லாக வளையவில்லை.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் நம் நாட்டு நாய்களின் பேரைச் சொன்னார். அன்றைக்கு மத்தியானமே சைக்கிள் கடை மாப்ள போன் பண்ணிவிட்டான். "மாப்ள, கேட்டியா? ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைனு வரிசையாச் சொல்லிட்டாவ." பதினைந்து வருசத்து வாட்டம் அவன் குரலில் தீர்ந்துபோயிருந்தது. எனக்கும் சந்தோசம். இப்ப வீட்டுல என்ன நாய் இருக்கு என்று கேட்டேன். அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"வச்சுக்கிடல மாப்ள. கட்டிப்போட மனசு வரல. அவுத்து விட்டா ரோடு."

ரோடு என்றால் நாலுவழிச் சாலை. நடுவில் அரளி பூத்து நிற்கிறது. ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை இப்போது நாற்பத்து நான்கு. சாலைப்புதூரில் டோல்கேட். கோவில்பட்டிக்குப் போய்ச் சேரும் நேரம் பாதியாகிவிட்டது, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும். ஆச்சியையே அப்படிக் கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறோம். கருவாச்சியைப் புதைத்த வேப்பமரம் இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மல்லிக்காடு இருந்த இடத்தில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஹாக்கி மச்சான் திருப்பூரில், டீக்கடை அண்ணாச்சி படத்தில். மாப்ள வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் அம்மா, ரசத்துக்கு மல்லி எடுக்க அடுக்களைப் பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினாள். சதுரமான தகர டப்பா. மூடியில் கத்தியால் கீறின ஓட்டை. பூச்சி நுழையாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டுத் துணியை ஒட்டி வைத்திருந்தாள்.

"அத்தை, இது அந்த டப்பாவா?"

"ஆமாய்யா, நல்ல தகரம். தூரப் போட மனசு வரல."

மூடியைத் திறந்ததும் வாசம் எழுந்து வந்தது. அத்தை டப்பாவைச் சாய்த்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அடியில் கிடந்த மல்லி தகரத்தில் உருண்டு வந்தது. மாப்ள சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் காதிலும் அதுதான் விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அத்தை இன்னொரு தடவை குலுக்கட்டும் என்று காத்திருந்தோம்.